கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு ‘ம்’

போன வாரம் செஞ்சியில் ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு கல்லூரிப் பையன் என் மூக்குக்கு நேராக ஒரு மைக்கை நீட்டினான். மைக் கட்டைவிரல் அளவுதான். ஆனால் அதற்கு முடி வைத்திருந்தார்கள். எனக்கு இருப்பதைவிட அதிகம்.

“அங்கிள், நம்ம கோட்டையைப் பத்தி ஒரே வார்த்தைல சொல்லுங்க!”

“தண்ணி,” என்றேன். “ஏறும்போது எடுத்துட்டுப் போங்கன்னு சொல்ல வந்தேன். ஒரு வார்த்தை போதும்னுட்டீங்க.”

“சூப்பர் அங்கிள்! வேற லெவல்!”

அவன் என்னைப் பார்க்கவில்லை. செல்போன் திரையில் தன் தலைமுடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலத்துக்குள் அது ரீல்ஸ் ஆகிவிட்டது. அதில் நான் கண் சிமிட்டும் நேரம் வருகிறேன், சிமிட்டவும் செய்கிறேன். நான் பேசி முடித்த இடத்தில் கூட்டமாகச் சிரிக்கும் சத்தம் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “காலம் பூரா பேட்டி எடுத்த ஆளு. ஒரு பேட்டி குடுக்கத் தெரியலியே,” என்றாள்.

அதோடு போயிருந்தால் இந்தக் கட்டுரை வந்திருக்காது. நான் முன்பு வேலை பார்த்த கல்லூரியின் மாணவர்கள் அந்த ரீல்ஸைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் என்னைப் பிடித்தார்கள். “சார், நாங்க சொந்தமா ஒரு நியூஸ் சேனல் ஆரம்பிக்கிறோம். கேமரா வெச்சு பேட்டி எப்படி எடுக்கறதுன்னு பாயிண்ட் பாயிண்டா எழுதி அனுப்புங்க. சின்னதா.” சரி என்று உட்கார்ந்தேன். முதல் பாயிண்டிலேயே ஞாபகத்தில் மேடம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு எதையும் சின்னதாக எழுத முடியவில்லை.

நான் அடிப்படையில் கல்யாண வீடியோக்காரன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் கடை வைத்திருந்தேன். கல்யாண வீடியோவில் பேட்டி என்பது, பந்தி முடித்து வருகிறவரை வழிமறித்து “மணமக்களை வாழ்த்துங்க சார்” என்பது. அவர் வாய் நிறைய வெற்றிலை இருக்கும். கையைத் தூக்கி ஆசீர்வதிப்பார். அதை ஸ்லோமோஷனில் போட்டு, பின்னால் ரெண்டு புறாவைப் பறக்கவிட்டால் வேலை முடிந்தது. இந்த மேதைமையை நம்பித்தான் கல்லூரி என்னைக் காட்சித் தொடர்பியல் துறையில் ஸ்டுடியோ உதவியாளராகச் சேர்த்துக்கொண்டது. கேமரா, லைட், எடிட்டிங், ஃபியூஸ் போனால் கட்டுவது எல்லாம் நான். தொழில் கற்ற கதையைச் சொல்ல அதிகமில்லை. முதல் வருஷம் புறாவை விட்டேன். அடுத்த வருஷம் ஸ்லோமோஷனை.

மேடம் என்றால் திலகவதி மேடம், துறைத் தலைவர். மதுரைப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை ஏறும். “சேகர்” என்றால் சாதாரண நாள். “சேகர் சார்” என்றால் நான் ஏதோ செய்துவிட்டேன் என்று அர்த்தம். “சேகர் அவர்களே” என்பதை ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். அன்று ரெக்கார்ட் பட்டனை அழுத்தாமலே ஒரு அதிகாரியிடம் முழுப் பேட்டி எடுத்திருந்தோம்.

மாணவர்கள் மாதம் ஒரு செய்தித் தொகுப்பு தயாரிக்க வேண்டும். சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய், ஆட்களிடம் பேசி, வெட்டி ஒட்டி, துறையின் யூடியூபில் ஏற்ற வேண்டும். முதல் நாள் எல்லாரும் கோட்டையைப் பின்னால் வைத்துக்கொண்டு பேட்டி எடுக்கத்தான் வருவார்கள். மேடம் கேட்பார்: “கோட்டை பேசப் போகுதா?” இல்லை என்பார்கள். “அப்ப பேசுறவரைக் காட்டுங்க. அது அங்கேயேதான் இருக்கும். யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க.”

அவர் பேட்டிக்குத் தயாராகும் விதம் ஒரு பூஜை மாதிரி இருக்கும். முதலில் கேமரா இல்லாமல் அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும். அவர்கள் கொடுக்கும் தண்ணீரைக் குடிக்க வேண்டும். மறுமுறை கேமராவோடு போகும்போது, அவர்கள் தரையில் உட்கார்ந்தால் நாமும் தரையில். கேமராவும் அதே உயரத்தில். கேள்வி கேட்கிறவர் கேமராவை உரசிக்கொண்டு பக்கத்தில் உட்கார வேண்டும். அப்போதுதான் பேசுகிறவரின் ரெண்டு கண்ணும் பார்க்கிறவருக்குக் கிடைக்கும். பெண்களுக்கு மைக்கை மாணவிதான் மாட்டிவிட வேண்டும். வளையல் அதிகமிருந்தால் கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஃபேனை நிறுத்த வேண்டும். ஃபிரிட்ஜை அணைத்தால், என் வண்டிச் சாவியை அதற்குள் வைக்கச் சொல்வார். திரும்பக் கிளம்ப சாவி வேண்டும். சாவிக்காகத் திறந்தால் ஃபிரிட்ஜைப் போட ஞாபகம் வரும். இந்தத் தாலுகாவில் எத்தனையோ வீட்டு மோர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் என் சாவி சில்லென்று உட்கார்ந்திருக்கிறது.

கேள்வி விஷயத்தில் அவர் இன்னும் கண்டிப்பு. “கஷ்டமா இருந்துச்சா?” என்று யாராவது கேட்டுவிட்டால் அன்றைக்குத் தொலைந்தார்கள். “அவர் ஆமான்னுட்டா உங்க பேட்டி முடிஞ்சு போச்சுங்க. அன்னிக்குக் காலையில எழுந்து என்ன செஞ்சீங்கன்னு கேளுங்க. கஷ்டம் அதுக்குள்ள தானா வரும்.” பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குப் பாயக் கூடாது. சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா தாங்காமல் எதிராளி சொல்லும் அடுத்த வாக்கியம்தான் நமக்கு வேண்டியது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: ‘ம்’ போடக் கூடாது.

நம் ஊரில் யாராவது ஒன்று சொன்னால், கேட்கிறவர் நடுநடுவே ‘ம்’ கொட்டுவது மரியாதை. ஆனால் அந்த ‘ம்’ மைக்கில் விழும். பேசுகிறவரின் வார்த்தை மேல் ஏறி உட்காரும். எடிட்டிங்கில் பிரிக்க வராது. அதனால் மேடத்தின் மாணவர்கள் வாயை மூடிக்கொண்டு, கண்ணால் கேட்டு, தலையை மட்டும் ஆட்ட வேண்டும். இதற்குப் பயிற்சியும் உண்டு. வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு, எதிரே இருக்கிற நண்பன் சொல்லும் கதையை முழுக்கக் கேட்க வேண்டும். நண்பன் வேண்டுமென்றே ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிப் பேசுவான். தரையைத் துடைக்கிற வேலையும் எனக்குத்தான்.

நந்தினி மட்டும் ஒரு சொட்டு சிந்தாதவள். தொண்டூர் பாறையில் வெட்டியிருக்கும் பழைய சமணப் படுக்கைகளைப் பற்றி ஒரு தொகுப்பு எடுக்கிறேன் என்று அவள்தான் வந்தாள். வரலாறு சொல்ல ஆள் வேண்டாம், அந்தப் பாறையில் ஏறி விளையாடியவர் யாராவது பேசட்டும் என்றார் மேடம். விசாரித்ததில் தரணேந்திர நயினார் என்று ஒருவரைச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே விவசாயம் பார்க்கிற ஜைனக் குடும்பம். சர்க்கரை நோயில் ரெண்டு கண்ணும் போய், தம்பி வீட்டில் இருந்தார்.

கேமரா இல்லாமல் போன நாளில் அவர் எங்களை ரொம்ப நேரம் கேள்வி கேட்டார்.

“இன்னா, டிவியா?”

“யூடியூப் ஐயா. போன்லயே பாக்கலாம்,” என்றாள் நந்தினி.

“வெளியூர்ல இருக்கறவங்களும் பாப்பாங்களா?”

“எங்க இருந்தாலும் பாக்கலாம் ஐயா.”

“பெங்களூர்ல?”

“பெங்களூர்லயும்.”

அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பிறகு, “சரி, வாங்க. சாயங்காலமா வாங்க. ஆனா பொழுது சாயறதுக்குள்ள நான் சாப்ட்டுடணும். அதுக்கப்புறம் எதுவும் தொட மாட்டேன்,” என்றார்.

வெளியே வந்ததும் மேடம் சொன்னார்: “பாறை நமக்குத்தான் நந்தினி. அவருக்குப் பெங்களூர்ல யாரோ இருக்காங்க.”

பக்கத்துக் கடையில் டீ குடித்தபோது விவரம் தானாகவே வந்தது. ஒரே பெண், பத்மா. வேற்று ஆளைக் கட்டிக்கொண்டு பெங்களூர் போய்விட்டாள். அன்றைக்கு நயினார் வாசலில் நின்று, இனி இந்தப் படி மிதிக்காதே என்றார். அவளும் மிதிக்கவில்லை. கண் போனதே அவளுக்குத் தெரியுமா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. வீட்டில் அந்தப் பேரை எடுக்கக் கூடாது. எடுக்கக் கூடாது என்று சொன்னவரும் அவரேதான்.

பேட்டி நாள். ஜன்னல் வெளிச்சம் அருமையாக விழுந்தது. நயினார் சலவை வேட்டி கட்டிக்கொண்டு தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார். நந்தினி கேமராவை ஒட்டி உட்கார்ந்தாள். ஃபேன் நின்றது, என் சாவி ஃபிரிட்ஜுக்குள் போனது. அவள் கேள்வியும் சுத்தமான கேள்வி: “சின்ன வயசுல அந்தப் பாறைக்குப் போன ஒரு நாளைச் சொல்லுங்க ஐயா.”

நயினார் ஆரம்பித்தார். “எங்க நைனா மாடு ஓட்டிக்கினு போவாரு. நானும் பின்னாலயே ஓடுவேன். அந்தப் படுக்கைமேல படுத்தா முதுகு ஜிலுஜிலுன்னு இருக்குது பாரு...” நிறுத்தினார். நந்தினி அழகாகத் தலையாட்டினாள். அவர் முகத்தை லேசாகத் திருப்பினார். “பாப்பா, இருக்கியா?”

“இருக்கேன் ஐயா. சொல்லுங்க.”

“மே மாச வெயில்ல கூட ஜிலுஜிலுன்னுதான்...” மறுபடி நிறுத்தினார். நந்தினி இன்னும் பலமாகத் தலையாட்டினாள். அவள் கண்ணில் அத்தனை ஆர்வம். எதிரே வேறு யாராவது இருந்திருந்தால் கொட்டித் தீர்த்திருப்பார்கள்.

கண் தெரியாதவருக்கு முன்னால் உட்கார்ந்து, நாங்கள் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தோம். இப்படி ஒரு தப்பைச் செய்ய எங்களைப் போலப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

மூன்றாவது முறை நிறுத்தியபோது அவர் கை சட்டையில் மாட்டிய மைக்கைத் தடவிப் பிடித்தது. “போதும்மா. ஆளில்லாத ஊட்ல பேசறாப்ல இருக்குது. எடுத்துக்கினு கெளம்புங்க.” உள்ளேயிருந்து தம்பி மனைவி குரல் கொடுத்தார்: “மாமா, பொழுது எறங்குது. சாப்பாடு எடுத்து வெக்கட்டுமா?” ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நந்தினி கண்ணில் தண்ணீர் முட்ட என்னைப் பார்த்தாள். நான், எப்போதும் நெருக்கடியில் செய்வதுபோல, ஃபோகஸைச் சரிபார்த்தேன்.

மேடம் எழுந்தார். நந்தினியின் தோளைத் தொட்டு நகரச் சொல்லிவிட்டு, அவள் இடத்தில், தரையில், கேமராவை ஒட்டி உட்கார்ந்தார்.

“அப்புறம் இன்னா ஆச்சு?” என்றார்.

அத்தனை வருஷத்தில் அவர் வாயில் ‘இன்னா’ வந்து நான் கேட்டதில்லை. நயினாரின் கை மைக்கை விட்டது.

“அப்புறம் இன்னா. நான் பெரியவனாயி, எம் பொண்ணை இட்டுக்கினு போனேன்.”

“ம்,” என்றார் மேடம்.

என் ஹெட்போனில் அது பெரிதாக விழுந்தது. மீட்டரில் முள் துள்ளியது. நான் திடுக்கிட்டு அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“அவளுக்கு அந்தப் படுக்கைல படுத்துக்கினு கதை கேக்கணும். நரி கதை, ராஜா கதை, வாய்க்கு வந்த கதை.”

“ம்.”

“அவ ஊம் போட்டுக்கினே இருக்கணும். அது நின்னுச்சுன்னா தூங்கிட்டான்னு அர்த்தம். நானும் கதையை நிறுத்திட்டு, தோள்ல போட்டுக்கினு எறங்கி வந்துடுவேன். எத்தினி கதை பாதில நிக்குது தெரியுமா? ஒண்ணும் முடிஞ்சதே இல்ல.”

“ம்.”

பழைய சங்கப் பாட்டுகளில் பிரிவில் பேசுகிறவர்களுக்குக் கேட்க ஒரு தோழி வேண்டும். தோழி இல்லாவிட்டால் ஒரு நாரையாவது வேண்டும். ரொம்ப வருஷம் அதைக் கவிஞர்களின் சௌகரியம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு வ்யூஃபைண்டரில் பார்த்தபோது அது தொழில்நுட்பத் தேவை என்று தெரிந்தது.

“பத்மா,” என்றார் நயினார். மேடத்தின் ‘ம்’ வந்த திசைக்கே பேசினார். “நான் அன்னிக்குச் சொன்னது கோவத்துல சொன்னது. நெறய நாள் ஆயிடுச்சு. கோவம் எப்ப போச்சுன்னே தெரியல, கண்ணு போன மாதிரிதான், கொஞ்சம் கொஞ்சமா. வாசல்ல வந்து நிக்க வேணாம். கூப்பிடவும் வேணாம். நேரா உள்ள வந்துடு. உங் காலடி எனக்குத் தெரியும்.”

மேடம் கொஞ்சம் தாமதித்தார். பிறகு “ம்” என்றார். அந்த ஒன்று மட்டும் கொஞ்சம் உடைந்திருந்தது.

கடைசியாக எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். “நீங்க சொன்னதுல எதையாவது எடுத்துடணுமா ஐயா?”

“நான் சொன்னதை எடுக்காத. வேற எதை வேணா எடு.” பிறகு உள்ளே பார்த்துச் சொன்னார்: “சாப்பாடு போடும்மா. பொழுது இருக்குதில்ல?”

இருந்தது. அன்று சாவியை எடுக்காமலே வண்டிவரை போனேன். ஃபிரிட்ஜைத் திறக்க நான் திரும்பி வந்தபோது, அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே தம்பி மனைவியிடம் நரி கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

எடிட்டிங்கில் மேடம் பக்கத்தில் உட்கார்ந்தார். “என் ‘ம்’ எல்லாத்தையும் எடுத்துடுங்க சேகர்.” எடுத்தேன். நயினாரின் மைக்கில் இருந்ததை மட்டும் வைத்து, முடிந்தவரை சுத்தம் செய்து போட்டுக் காட்டினேன். திரையில் ஒரு கிழவர் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார். மேடம் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“திரும்ப வெச்சிடுங்க.”

“எல்லாத்தையுமா மேடம்?”

“எல்லாத்தையும். என் குரல் இவ்வளவு அசிங்கமா இருக்கும்னு நீங்க ஏன் சொல்லவே இல்ல?”

“நீங்க ‘ம்’ போட்டு நான் எப்ப மேடம் கேட்டிருக்கேன்?”

சிரித்தார். துறை ஆட்கள் முன்னால் அவர் அப்படிச் சிரிப்பது குறைவு. யூடியூபில் ஏற்றுவதற்கு முன் கல்லூரி முதல்வர் பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு, “பின்னாடி ஏதோ சத்தம் வருதே, மாடா?” என்று கேட்டார்.

“ஆமா சார்,” என்றார் மேடம். “மாடுதான். கொல்லையில கட்டியிருந்தாங்க.”

அதற்குப் பிறகு ரொம்ப நாள் ஒன்றும் நடக்கவில்லை. நந்தினி தினமும் கமெண்டுகளைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். ‘நைஸ்’, ‘எங்க ஊரு’, ‘கெத்து’ என்று வரும். பெங்களூரிலிருந்து ஒன்றும் வரவில்லை. மேடம் எதுவும் கேட்க மாட்டார். ஆனால் துறை போன் அடித்தால் பேனாவைக் கீழே வைப்பார்.

அந்த போன் வந்தபோது அவர் வகுப்பில் இருந்தார். நான் எடுத்தேன்.

“தொண்டூர் வீடியோ போட்டது நீங்கதானா சார்?” ஒரு பெண் குரல்.

“ஆமாம்மா.”

“நைனா பேசும்போது ஊம் போடறது யாரு?”

“எங்க மேடம்.”

அவள் பேசவில்லை. மேடத்திடம் கற்றது எனக்குக் கை கொடுத்தது. நானும் பேசாமல் காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அது என் வேலை சார்,” என்றாள். “அவங்ககிட்ட சொல்லுங்க. இனிமே நான் பாத்துக்கறேன்.”

பத்மா வந்தாள். கூப்பிடாமல், வாசலில் நிற்காமல், நேராக உள்ளே போனாளாம். படங்களில் வருவதுபோல எல்லாம் அத்தோடு சுபமாகிவிடவில்லை. மூன்றாம் நாளே அவர் மாத்திரை சாப்பிடாததற்காக அப்பாவும் பெண்ணும் சண்டை போட்டுக்கொண்டு அவள் பஸ் ஏறிவிட்டாள். அடுத்த மாதம் மறுபடி வந்தாள். கதையைப் பாதியில் விடுகிற பழக்கம் அந்தக் குடும்பத்துக்கே உண்டு போலிருக்கிறது. அன்று பத்மா போனில் சொன்னதை நான் சொன்னபோது மேடம், “அப்படியா,” என்று மட்டும் சொன்னார். பிறகு ஜன்னல் பக்கம் போய், வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அந்தச் சட்டம் மட்டும் மாறவில்லை. அடுத்த வாரமே புதுப் பிள்ளைகள் வாயில் தண்ணீரோடு உட்கார்ந்தார்கள். ஒரே ஒரு திருத்தம் சேர்ந்தது: “எதிரே இருக்கிறவர் உங்களை எதால பாக்குறார்னு முதல்ல பாத்துக்கோங்க.” டிப்ஸ் கேட்ட பிள்ளைகளே, பாயிண்டாக வேண்டுமென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மேடம் ஓய்வு பெற்று மதுரைப் பக்கம் போனார். எல்லார் கையிலும் கேமரா வந்துவிட்டதால் துறை தேவையில்லை என்று கல்லூரி முடிவு செய்தது. ஸ்டுடியோவில் இப்போது பழைய பெஞ்சுகளை அடுக்கியிருக்கிறார்கள். எனக்கு விருப்ப ஓய்வு கிடைத்தது. விருப்பம் கல்லூரியுடையது, ஓய்வு என்னுடையது.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மேடத்துக்கு போன் செய்வேன். நான்தான் பேசுவேன். ஊரில் பைபாஸ் பக்கம் வந்த கடைகள், நந்தினி சென்னையில் ஒரு சேனலில் சேர்ந்தது, என் முழங்கால் என்று சொல்லிக்கொண்டே போவேன். மறுமுனையில் ஒரு சத்தமும் இருக்காது. தொழில் பழக்கம், அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார், தலையை ஆட்டிக்கொண்டு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பாதியில் நிறுத்திவிடுவேன்.

“மேடம், இருக்கீங்களா?”

“இருக்கேன் சேகர். சொல்லுங்க.”

மறுபடி சத்தமிருக்காது. ஒரே ஒரு முறை போடுங்களேன் என்று கேட்க நாக்கு நுனிவரை வரும். மேடத்திடம் அதையெல்லாம் கேட்க முடியாது. “உடம்பைப் பாத்துக்கோங்க மேடம்” என்று வைத்துவிடுவேன்.

அந்தப் பேட்டியின் வெட்டாத பிரதி என்னிடம் இருக்கிறது. அதில் ரெண்டு மைக்கின் சத்தமும் தனித்தனியாக இருக்கும். நயினாரின் மைக்கை முழுக்க அடக்கிவிட்டு, கேமரா மைக்கை மட்டும் கூட்டி வைத்தால், அவர் குரல் எங்கோ தூரத்துக்குப் போய்விடுகிறது. மேடத்தின் குரல் பக்கத்தில் வருகிறது. நடுநடுவே நிறைய இடம் இருக்கிறது.

நேற்று மதியம் டீச்சரான மனைவி பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஃபேனை நிறுத்தினேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நயினாரின் மைக்கை அடக்கி, மேடம் வந்து உட்காரும் இடத்துக்குக் கொண்டுபோய் ஓடவிட்டேன்.

“போன வாரம் ராஜகிரி அடிவாரத்துல வெள்ளரிப் பிஞ்சு வாங்கிட்டிருந்தேன் மேடம்,” என்றேன். “ஒரு பையன் மூக்குக்கு நேரா மைக்கை நீட்டிட்டான்.”

“ம்.”